முப்பது அடித்தால் பேட்டைக் கீழே வை

கதிரு, போன வாரம் உனக்கு வாங்கிய பேட்டின் கைப்பிடியில் புது ரப்பர் வாசம். மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தேன். "அப்பா, அது பேட்டு, பூ இல்ல" என்று கயல் கேலி பண்ணினாள். அந்த நேரம் பார்த்துத்தான் போனில் செய்தி வந்தது. நாட்டுக்காக ஆடும் அந்த இடதுகைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். போன தொடரில்கூட சதம் அடித்தவர். இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஆடியிருக்கலாம்.

நீ அவருடைய ஓட்டங்களையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, பாதியில் விட்டுப் போனவருக்குப் பெரிய ஆட்டக்காரர் வரிசையில் இடமில்லை என்று கோபப்பட்டாய். கயல் சண்டைக்கு வந்தாள். கடைசியில் இரண்டு பேரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டீர்கள். பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழையைக் கயல் திருத்திக்கொள்ளட்டும்.

ரப்பர் வாசம் என்றால் எனக்குக் கீழவாசல் டயர் கடைதான். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே பஞ்சர் ஒட்டினேன். சோற்றைப் பிசைந்தாலும் கை ரப்பர் மணக்கும். ஞாயிறு மட்டும் லீவு. விடிந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்துக்குள் இறங்கிவிடுவோம். நீங்கள் மீனுக்குப் பொரி போடுகிற அதே குளம். அப்போது உள்ளே சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மேட்ச் நடக்கும். எங்கள் பந்தைத் துரத்திப் போய், பக்கத்து மேட்ச்சில் கேட்ச் பிடித்துக்கொடுத்துவிட்டு வந்தவன் நான்.

டயர் கடை, பழக்கடை, லாரிப் பட்டறை ஆட்கள் சேர்ந்ததுதான் எங்கள் டீம். கேப்டன் செல்வம் அண்ணன், பட்டறையில் பெயிண்டர். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முப்பது அடித்தவன் பேட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆறு நாள் உழைத்துவிட்டு வருகிற எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்க வேண்டுமே. அந்தச் சட்டத்தில் மாட்டியது பெரும்பாலும் அண்ணன்தான். எனக்கு அந்த ஆபத்து வந்ததே இல்லை.

தெற்குச் சுவர் ஓரம் இருந்த எங்கள் பிட்ச், குளத்திலேயே தட்டையான இடம். முனிச்சாலை டீம் அதற்குப் போட்டிக்கு வந்தது. ஒரே மேட்ச், ஜெயித்தவர்களுக்கு இடம் என்று முடிவானது. கடைசி ஓவரில் அண்ணன் ரெண்டு ஓடி முப்பதைத் தொட்டார். இன்னும் மூன்று பந்து, வேண்டியது மூன்று ஓட்டம். அண்ணன் பேட்டைக் கீழே வைத்தார். மிச்சம் இருந்தவன் நான் ஒருத்தன்.

நம்ம சட்டம்தானே, இன்றைக்கு ஒரு நாள் விடுங்கள் என்று எங்கள் ஆட்கள் கெஞ்சினார்கள். அவர்களைவிட அதிகமாகக் கெஞ்சியது நான்.

"வேணாண்ணே. நீங்களே முடிச்சிருங்க."

"எடுடா பேட்டை. எம்புட்டு நேரம் நிப்ப?"

கைப்பிடியில் பழைய டியூபை அறுத்துச் சுற்றியவன் நான்தான். பிடித்தால் என் கையே வழுக்கியது. முதல் பந்து போயிற்று. இரண்டாவதும் போயிற்று. "மாப்ள, பந்து இந்தப் பக்கமா வரும்" என்று பின்னாலிருந்து கீப்பர் வழிசொன்னான். மூன்றாவது பந்தைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது. லாரி டயரை ரிம்மிலிருந்து நெம்புகிற மாதிரி ஒரே நெம்பு. பந்து சுவரில் முட்டிய சத்தம்தான் முதலில் கேட்டது. சுவரில் முட்டினால் நாலு.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மைய மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பஞ்சரோடு அந்த நாலையும் சேர்த்துக் கொடுத்தேன்.

அண்ணன் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கழன்றுகொண்டார் என்று டீமிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். சர்பத் கடையில் நானே கேட்டேன், தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று.

"நான் நின்னிருந்தா எப்படியும் ஜெயிச்சிருப்போம்டா. நீ ஆடியிருக்க மாட்ட" என்றார்.

இப்போது தீர்ப்புக்கு வருகிறேன். அந்த இடதுகைக்காரர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. அவர் மேல் உனக்கு வருகிற கோபம் எனக்கும் செல்வம் அண்ணன் மேல் மூன்று பந்து நேரம் இருந்தது. கதிரு, நீ கூட்டியது சரிதான். ஆனால் அவர் விட்ட இடத்தில் அடுத்த தொடரில் ஒருத்தன் முதல் தடவையாக இறங்குவான். அவன் அடிப்பதையும் பார்த்துவிட்டுக் கூட்டு. என்னைக் கேட்டால் அவர் பெரிய ஆட்டக்காரர்தான். சந்தேகமே இல்லை.

இப்போது குளம் நிறைய வைகைத் தண்ணீர். சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஊறுகிறது, சந்தோஷம்தான். முப்பது சட்டமும் போய்விட்டது. மணிக்கணக்கில் வாடகை கட்டி நீ ஆடுகிற டர்ஃப் மைதானத்தில் நேரம் முடிந்தால் எல்லோருமே வெளியே.

பொங்கலுக்குப் படகில் போனோமே, தெற்குச் சுவர் பக்கம் வந்ததும் நான் விருட்டென்று எழுந்து நின்றேன். படகுக்காரர் அதட்டி உட்கார வைத்தார். அப்பா பயந்துட்டாரு என்று நீங்கள் இரண்டு பேரும் வீடு வரைக்கும் சிரித்தீர்கள். பயமெல்லாம் இல்லை பிள்ளைகளே. அப்போது படகு, நான் பேட் பிடித்து நின்ற கிரீஸுக்கு நேர் மேலே போய்க்கொண்டிருந்தது.