வெள்ளிக்கிழமை டிஃபிராக்

புது லேப்டாப்பைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் டிஃபிராக் எங்கே இருக்கிறது என்று தேடினேன். மகள் சிரித்துவிட்டாள். "இந்த டிஸ்க்குக்கு அதெல்லாம் வேணாம்ப்பா. போட்டா ஆயுசுதான் கொறையும்."

ஒரு காலத்தில் எனக்கு அது பூஜை மாதிரி. தாலுகா ஆபீஸில் நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. செருப்பை வெளியே விட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு. சாம்பிராணிப் புகை அடங்கியதும் டிஃபிராக். ஹார்ட் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி ஒரே இடத்தில் அடுக்கும் வேலை அது. செய்தால் மெஷின் வேகமாக ஓடும். வண்ணக் கட்டங்கள் நகர்வதை வாய் பார்த்துக்கொண்டிருப்பேன், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். நடுவில் கை வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ சொன்னதைத் தெய்வவாக்காக நம்பியிருந்தேன்.

அப்படியொரு மார்கழி வெள்ளியில் அஞ்சம்மாள் வந்தார். கணவர் போனபின் குத்தகை நிலத்தைத் தனியாளாகச் சாகுபடி செய்தவர். ஊரெங்கும் குத்தகைத் தகராறு நடந்த காலம். இவரையும் வெளியேற்ற நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார். மதியம் நாகப்பட்டினத்தில் விசாரணை. குத்தகைப் பதிவின் நகல் இல்லாவிட்டால் நிலம் போய்விடும். மெஷினோ முப்பது சதவீதத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

"இத நிறுத்த முடியாதுங்களா தம்பி?"

நிறுத்தினால் எல்லாருடைய பதிவும் அழிந்துவிடும் என்றேன், பெரிய மேதை மாதிரி.

"எல்லாரோடதும் போயிடும்னா வேணாம். முடியட்டும்."

நாற்காலி போட்டும் தரையிலேயே உட்கார்ந்தார். இதில் தன் வயல் எது என்று கேட்டார். நானும் கூசாமல் ஒரு நீலக் கட்டத்தைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் போய்விட்டது. நகல் கைக்கு வந்ததும் அவரை என் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பெயரைக் கூப்பிடும்போது போய்ச் சேர்ந்தோம். நிலம் அவரிடமே நின்றது. தையில் ஒரு பை புது அரிசி கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் வாங்கிப் பொங்கல் வைத்தோம். அப்படி மணந்த பொங்கலை அப்புறம் நான் சாப்பிடவில்லை.

வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் திரையிலேயே நிறுத்துவதற்கு ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் ஒன்றும் அழியாதாம்.

இப்போது பட்டாவும் சிட்டாவும் போனிலேயே வந்துவிடுகின்றன. நல்லதுதான், யாரும் காத்திருக்க வேண்டாம். அந்த அறையும் போய்விட்டது, அஞ்சம்மாளும் போய்விட்டார். பட்டன் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவே இல்லை. எல்லாருக்காகவும் தன் நிலத்தை விடத் துணிந்து உட்கார்ந்திருந்தார் அவர்; அந்த எல்லாரில் வழக்குப் போட்டவரும் உண்டு. அன்றைக்கு அங்கே எதற்கும் ஆபத்தே இல்லை என்று எந்த வாயால் சொல்வது?