பச்சையாக நின்ற நாலு வரிசை

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நாகஜோதிக்கு யார் பேச்சும் ஏறாது. மற்றபடி நல்ல மனுஷி. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வாள். முதலாளியைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவதுகூட அளவோடுதான். ஆனால் ஒரு செடி வாடி நிற்கிறது, பக்கத்திலேயே தண்ணீரும் இருக்கிறது, ஊற்றாதே என்றால் அவளால் முடியாது. கமுதிக்குப் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள். மிளகாய் பூவெடுக்கும் நேரத்தில் மழை ஏமாற்றிவிட்டால் வீட்டில் என்னென்ன நடக்கும் என்பதைப் பாவாடை கட்டிய வயதிலேயே பார்த்துவிட்டவள். அப்படிப்பட்டவளிடம் போய், செடியை வேண்டுமென்றே காயப்போடு என்றார்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு திருப்பூருக்கு வந்தவள் அவள். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவன் முனீஸ் அதே கம்பெனியில் அயர்னிங். துணியிலிருந்து பறக்கும் பஞ்சு, தலையில் ஒட்டினால் தட்டிவிடலாம், நெஞ்சுக்குள் போனால் என்ன செய்வது? பதினைந்து வருஷம் அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தது. முதலில் இருமல் என்றார்கள், பிறகு இழுப்பு என்றார்கள். டாக்டர் மட்டும் வளைக்காமல் பேசினார். “மருந்து பாதி வேலைதாம்மா செய்யும். இந்தத் தூசியை விட்டு வெளிய போனாத்தான் மீதி பாதி.”

வெளியே போவது என்றால் எங்கே போவது? அந்த நேரத்தில்தான் கம்பெனி முதலாளி சிவசுப்பிரமணியம், காங்கேயம் பக்கம் தான் வாங்கிப்போட்டிருந்த நிலத்தில் மூன்று ஏக்கர் கொய்யா வைத்து, அங்கேயே குடியிருந்து பார்த்துக்கொள்ள ஒரு புருஷன் பெண்டாட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். சம்பளம் கம்மி என்று முனீஸ் முணுமுணுத்தான். அவன் முணுமுணுத்து முடிப்பதற்குள் நாகஜோதி பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். தோட்டத்து வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதமே அவளுக்கு மல்லாந்து படுத்துத் தூங்க முடிந்தது. அதன் அருமை, உட்கார்ந்துகொண்டே தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இனி இந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

தோட்டம் அடர் நடவுக் கொய்யா. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் இருபதடிக்கு ஒரு செடி வைப்பார்கள். இங்கே வரிசைக்கு வரிசை பத்தடி, செடிக்குச் செடி ஐந்தடி. வழியில் போகிறவர்கள், இது தோப்பா வேலியா என்று கேட்டுச் சிரித்தார்கள். நெருக்கி வைப்பதில் தப்பில்லை. ஆனால் நெருக்கி வைத்தவன் அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. கிளையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரையும் உரத்தையும் அளந்து கொடுக்க வேண்டும். சிவசுப்பிரமணியம் பாதிப் பாடத்தை மட்டும் படித்தவர். நெருக்கி வைத்தார், மீதியை விட்டுவிட்டார். திருப்பூர் ஆபீஸில் உட்கார்ந்து, ஷிப்மென்ட் டென்ஷனுக்கு நடுவில் ஞாபகம் வந்தபோதெல்லாம் போனிலேயே மோட்டாரைப் போட்டுவிடுவார். யூரியாவைக் கரைத்து சொட்டுநீர்க் குழாயில் விடச் சொல்வார். எவ்வளவு என்று கேட்டால், “பாத்து உடுங்க அம்மணி” என்பதுதான் அளவு.

மூன்றாம் வருஷம் செடிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டன. உள்ளே வெயில் இல்லை. காய் எல்லாம் உச்சியில். அதுவும் மழைக்காலத்தில் பழுத்து, பிட்டால் புழு. வாங்க வந்த வியாபாரி வாசலோடு திரும்பிப் போனார்.

பொங்கல் கழிந்து சிவசுப்பிரமணியம் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. வந்தால் காரை விட்டு இறங்கமாட்டார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிரே தெரிகிற செடிகளைப் பார்ப்பார், பேசுவார், போய்விடுவார். அன்றைக்கும் அப்படித்தான்.

“இன்னொரு போகம் பாக்கறேன் அம்மணி. வரலீன்னா எல்லாத்தையும் புடுங்கிப்போட்டுட்டு குடோன் கட்டி வாடகைக்கு உட்டர்றேன். நீங்க ரண்டு பேரும் கம்பெனிக்கே வந்துருங்க, வேலைக்குப் பஞ்சமில்ல.”

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நாகஜோதிக்கு அப்போதே மூச்சு முட்டியது.

கூடவே தேஜஸ்ரீ என்று ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். தோட்டக்கலை படித்துவிட்டு, தோட்டம் தோட்டமாகப் போய் யோசனை சொல்கிறவள். மூன்று ஏக்கரையும் நடந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

“மாசி, பங்குனி, சித்திரை, மூணு மாசமும் கொய்யாவுக்குத் தண்ணி வேண்டாங்க அக்கா. இலை கொட்டும், கொட்டட்டும். செடி நல்லா ஓய்வெடுக்கோணும். சித்திரைக் கடைசியில கிளைய வெட்டிக் கவாத்து பண்ணி, தொழு உரம் வெச்சு, அதுக்கப்புறம் தண்ணி தொறங்க. மழைக்காலக் காய் நமக்கு வேண்டாம். ஆடியில பூ வந்தா குளிர் காலத்துல காய். அதுலதான் புழு இருக்காது.”

“செத்துப்போச்சுன்னா?” என்று கேட்டாள் நாகஜோதி.

“கொய்யா அவ்வளவு லேசுல சாகாதுங்க அக்கா.”

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் தென்னையில் இருந்தது. வரப்போரத்துத் தென்னைகளுக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் வேண்டும். அதற்கும் இதே மோட்டார்தான். திருப்பூரிலிருந்து சிவசுப்பிரமணியம் போனில் மோட்டாரைப் போடுவார். தோட்டத்தில் நாகஜோதி தென்னை வால்வைத் திறந்து, கொய்யா வால்வுகளை மூடி வைத்திருக்க வேண்டும். மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று போன் சொல்லும். தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லாது.

பங்குனியில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. காலையில் கூட்டி வைத்தால் மத்தியானம் மறுபடியும் அத்தனை இலை. குச்சி குச்சியாகக் கிளைகள் தெரிந்தன. நாகஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. செடி செத்தால் குடோன், குடோன் வந்தால் வேலம்பாளையம், அங்கே போனால் பழையபடி இழுப்பு. அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க எதுவும் இல்லை. பிறகு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. மனிதனைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தப் புத்திசாலித்தனம்தான். முதலாளி பார்க்கப்போவது காரிலிருந்து தெரிகிற செடிகளைத்தானே? வீட்டுக்கு எதிரே முதல் நாலு வரிசைக்குத் தனி வால்வு இருந்தது. அவை மட்டும் பச்சையாக இருந்தால் அவர் மனம் குளிரும், மற்றவை பிழைத்து வரும்வரை பொறுப்பார்.

தென்னைக்கு மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்த வால்வையும் திறந்துவிட்டாள். மிச்சம் கிடந்த யூரியாவைச் செடிக்கு ஒரு கைப்பிடியாக வைத்தாள். முனீஸ் பார்த்துவிட்டான்.

“ஏய், அந்தப் பிள்ளை என்ன சொல்லிட்டுப் போச்சு, நீ என்ன செய்யுற?”

“அந்தப் பிள்ளை சொல்லிட்டுப் போயிருச்சு. செடி செத்தா நாமளும்ல போவணும்.”

அவன் வால்வை மூடப் போகவில்லை. அவளுடைய இழுப்பை ராத்திரி ராத்திரியாகக் கேட்டுக் கிடந்தவன் அவன்.

சித்திரையில் சிவசுப்பிரமணியம் வந்தார். கார் கதவைத் திறந்து பார்த்தார். “பரவால்லையே அம்மணி, பச்சையாத்தான இருக்குது” என்றார். நாகஜோதிக்குத் தலைகால் புரியவில்லை. தான்தான் தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரைக் கடைசியில் கவாத்துக்கு ஆட்கள் வந்தார்கள். பின்னால் இருந்த செடிகளையெல்லாம் இடுப்புயரத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். முன்வரிசைக்கு வந்தபோது நாகஜோதி குறுக்கே போய் நின்றாள். அவற்றில் பிஞ்சு இருந்தது.

“பிஞ்சோட எப்பிடி வெட்டுறது? வேணாம், விட்டுருங்க.”

விட்டுவிட்டார்கள். மற்ற செடிகளுக்குத் தேஜஸ்ரீ சொன்னபடியே தொழு உரமும் வேப்பம்புண்ணாக்கும் வைத்தார்கள். பிறகு சொட்டுநீரைத் திறந்தார்கள். உரத்தையும் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விட்டார்கள். இந்தத் தடவை அளவைத் தேஜஸ்ரீயே போனில் எழுதி அனுப்பினாள், அதனால் பிசகவில்லை.

ஆடி பிறந்தது. ஐந்தாவது வரிசையிலிருந்து கடைசி வரைக்கும், வெட்டிய இடத்திலெல்லாம் புதுக் குருத்து, குருத்துக்குக் குருத்து வெள்ளைப் பூ. தேனீ சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. முன்னால் நின்ற நாலு வரிசையில் ஒரு பூ இல்லை. கிளையோடு கிளை பின்னி, சுவர் எழுப்பியது போல் நின்றன. அங்கங்கே பழுத்திருந்த பழங்களைத் தொட்டால் அமுங்கின, பிட்டால் புழு நெளிந்தது. நாலாவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவில் நின்றபோது நாகஜோதிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே மண், ஒரே நாற்று. வித்தியாசம் அவள் ஊற்றிய தண்ணீரும், வைத்த யூரியாவும், தடுத்த கத்தரியும்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. காரிலிருந்து பார்த்தால் இந்தப் பச்சைச் சுவர்தான் தெரியும், பின்னால் இருக்கிற பூ தெரியவே தெரியாது.

அவள் பயந்தது போலவே ஆயிற்று. வழியில் போன வியாபாரி யாரோ முன்வரிசையில் ஒரு பழத்தைப் பறித்துப் பார்த்துவிட்டு, இந்த வருஷமும் புழுதான் என்று போய்ச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சிவசுப்பிரமணியம், குடோனுக்கு இடம் அளக்க ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“உள்ள கூட்டிட்டுப் போய்ப் பூவைக் காட்டு” என்றான் முனீஸ், அவள் காதோடு. “முன்னாடி ஏன் இப்பிடின்னு கேட்டா, தெரியலைன்னு சொல்லிரு.”

முதலாளி ஒரு பழத்தை வாங்கிப் பிட்டார். பார்த்தார், தூரப் போட்டார். “அவ்வளவுதான் அம்மணி. ஆன மட்டும் பாத்தாச்சு” என்றவர், அளக்க வந்தவரிடம், “டேப்பப் புடிங்க” என்றார்.

“மொதலாளி, ஒரு அம்பதடி நடந்து வாங்க.”

“கால் முடியாதுங்க அம்மணி.”

“வரணும் மொதலாளி. நீங்க பாக்காம அளக்கக் கூடாது.”

அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை. முனீஸின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாகஜோதி முன்னால் போய்க் கிளைகளை விலக்கிப் பிடித்தாள். நாலு வரிசையையும் தாண்டி ஐந்தாவது வரிசைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். வெகுநேரம் பூவைப் பார்த்தார். பிறகு திரும்பி, தான் கடந்து வந்த செடிகளைப் பார்த்தார்.

“இது இப்படி இருக்குது. முன்னால ஏனுங்க அப்படி?”

முனீஸ் அவளைப் பார்த்தான். தெரியவில்லை என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால், இந்த முறையில் பாதி பலிக்கும் பாதி பலிக்காது என்று நினைத்து அடுத்த வருஷம் பிடுங்கிவிடுவார். உண்மையைச் சொன்னால் தோட்டம் பிழைக்கும். தாங்கள் இருப்போமா என்பதுதான் தெரியாது.

“நாந்தான் மொதலாளி. நீங்க தென்னைக்கு மோட்டார் போட்டப்பல்லாம் இந்த நாலு வரிசைக்கும் வால்வைத் தொறந்துவிட்டேன். யூரியாவும் வச்சேன். வெட்ட வந்தவுகளையும் தடுத்தேன். நீங்க பாக்கும்போது பச்சையாத் தெரியணும்னு செஞ்சேன். மத்ததெல்லாம் அந்தப் பிள்ளை சொன்னபடி நடந்துச்சு. அதான் பூத்திருக்கு.”

“என்னைய ஏமாத்திப்போட்டீங்களே அம்மணி.” அவர் முகம் சிவந்துவிட்டது. “அந்தப் பொண்ணு அவ்வளவு தெளிவா சொல்லீட்டுப் போச்சே. ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?”

“எங்க ஊர்ல காஞ்சா காஞ்சதுதான் மொதலாளி. திரும்பி வராது.”

சிவசுப்பிரமணியம் முனீஸின் தோளைப் பிடித்தபடியே காருக்கு நடந்தார். உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். அளக்க வந்தவரிடம், டேப்பைச் சுருட்டச் சொன்னார். பிறகுதான் அவளைக் கூப்பிட்டார்.

“இந்த நாலு வரிசையையும் இன்னைக்கே வெட்டீருங்க. வர்ற மாசிக்கு மத்ததோட சேத்து இதையும் காய வெக்கோணும். வேற ஆள் வேண்டாம். நீங்களே வால்வ மூடுங்க, நீங்களே பக்கத்துல இருந்து பாருங்க.”

“சரிங்க மொதலாளி” என்றாள். வேலை போகவில்லை, வீடும் போகவில்லை என்று முனீஸின் முகம் மலர்ந்துவிட்டது. நாகஜோதிக்குத்தான் அழுகை வந்தது. கார் போனதும் கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள். இத்தனை நாள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கிளையைப் பிடித்தாள். வெட்டினாள்.