ஒரு க்ளைமும் இல்லாத வண்டி

பரிமளா அத்தையின் கை பாத்ரூமில் வழுக்கி விழுந்து உடையவில்லை. நம்முடைய காரில் உடைந்தது. ஓட்டியவன் நான். பாத்ரூம் என்று சொல்லச் சொன்னவனும் நான்தான்.

சுகன்யா, பிரபு... இதை உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். போனில் எனக்குச் சொல்ல வராது. பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். பத்தாவதோடு படிப்பை விட்டவன் எழுதுவது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். படித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்து வைத்தது நீதான் சுகன்யா. போன ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து பேசினாயே, கார் வாங்கப் போவதாக!

“காரு கூட வாங்கிடலாம் போலருக்குப்பா. இன்சூரன்ஸ்தான் பேஜாரா இருக்கு. இங்க ஒரு மாசத்துக்குக் கேக்கறதுல நீ அங்க ஒரு வருசம் ஓட்டிடுவ.”

“இன்னாடி இது, காருக்குக் கேக்கறானா, ஏரோப்ளேனுக்கா?”

“சிரிக்காத. எந்தத் தெருவுல குடியிருக்க, வேலைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவ, வேற யாரு ஓட்டுவாங்க, எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கறான்.”

பிரபு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ போனுக்குள் தலையை நீட்டினாய். “பொய்யா ரெண்டு அடிச்சு வுடுக்கா. கம்மி பண்ணிடுவான்.”

“டேய், பொய் சொன்னா அடிபட்ட அன்னிக்கு ஒத்தப் பைசா தர மாட்டான்டா.”

அதற்குப் பிறகுதான் சுகன்யா, நீ என்னிடம் கேட்டாய். இங்கே நம் கார் உன் பெயரில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்கு ஒரு க்ளைமும் கேட்டதில்லை என்று இங்கே இன்சூரன்ஸ் கம்பெனியில் லெட்டர் வாங்கிக் காட்டினால், அங்கே கொஞ்சம் குறைப்பார்களாம்.

“ஒண்ணுகூட இல்லல்லப்பா?”

“இல்லம்மா,” என்றேன்.

நான் சொன்னது உண்மை! க்ளைம் எதுவும் கேட்கவில்லைதான். ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன் சம்பளத்தைக் காட்டி லோன் போட்டு வாங்கிய கார் அது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூருக்கு, ஷூ கம்பெனிக்கு நான் வேலைக்குப் போய் வருவதற்கு. தனியாகத்தான் போகிறோம், நாலு சீட்டு காலியாக இருக்கிறதே என்று தோன்றியது. எங்கள் கம்பெனியில் தைக்கிற நாலு பெண்களை, பரிமளாவையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டேன். மாசம் பிறந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டேன். நீங்கள் இருவரும் அதை ‘டீசலுக்கு ஷேர்’ என்று நினைத்திருந்தீர்கள். டீசலுக்கு மேலேயே வந்தது.

இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் கேட்டார். “வண்டி வாடகைக்கு ஓடுதா சார்? ஓடுச்சுன்னா அதுக்கு வேற ரேட்டு.”

“இல்லைங்க. சொந்தத்துக்குத்தான்.”

நம் இன்சூரன்ஸ் இவ்வளவு கம்மியாக இருப்பதற்கு நாடு ஒரு காரணம். நான் சொன்ன இந்தப் பதில் இன்னொரு காரணம்... ஏஜென்ட் ஒரு கேள்வியோடு விட்டுவிட்டார். உன் ஊரில் நோண்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று இப்போது தோன்றுகிறது.

வழியில் போலீஸ் மறித்தால் சொந்தக்காரர்கள், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்லும்படி அந்தப் பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதை வைத்தே அவர்கள் என்னைக் கிண்டலடிப்பார்கள்.

“தெனமும் கல்யாணத்துக்கு இட்டுனு போறியேண்ணா, ஒரு நாளாச்சும் பிரியாணி கண்ணுல காட்னியா?” என்று பின்சீட்டில் ஒருத்தி கேட்பாள்.

“யூனிபாரம் கோட்டு போட்டுக்குனு எவ கல்யாணத்துக்குப் போறா? போலீஸ்காரன் இன்னா குருடா?” என்பாள் முன்சீட்டில் பரிமளா.

கார் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். நானும் சிரிப்பேன்.

அன்று காலை மழை. மாதனூர் தாண்டி, தோல் ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் திடீரென்று பிரேக் போட்டது. வண்டியை ஒடித்தேன். இடதுபக்க முன்பகுதி லாரியின் மூலையில் மோதி நசுங்கியது. பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. பரிமளா மட்டும் வலது கையை முன்னால் ஊன்றியிருக்கிறாள்... மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவள் பெல்ட் போட்டிருக்கவில்லை. போடட்டுமா என்று ஏறின முதல் நாளே அவள் கேட்டாள். பக்கத்து சீட்டுக்கு எதற்கு என்று சொன்னவன் நான்!

மற்றவர்களை ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்கு அனுப்பினேன். இன்னொரு ஆட்டோவில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலியில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஆரம்பித்தேன்.

“பரிமளா, கேட்டாங்கன்னா ஊட்ல பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிடும்மா. காருன்னா போலீஸ் கேஸாயிடும். வண்டி எங்க பாப்பா பேர்ல இருக்குது.”

“சுகன்யா பேர்லயா? ஐயோ, படிச்ச பொண்ணு, அதுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுண்ணா. நான் சொல்லிக்கறேன்.”

டாக்டரிடம் சொன்னாள். கம்பெனியில் சொன்னாள். மற்ற மூவரையும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தேன். அவள் வீட்டுக்காரரிடம்கூட, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு பாத்ரூமில் விழுந்துவிட்டதாகத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரிச் செலவை நான் கட்டினேன். காரை டிங்கரிங் பட்டறையில் என் கைக்காசில் நிமிர்த்தினேன். க்ளைம் கேட்டால் எப்படி, எங்கே, யார் இருந்தார்கள் என்று வருமே! கேட்கவில்லை. அடுத்த வருஷம், க்ளைம் இல்லாத வண்டி என்று பிரீமியத்தில் கொஞ்சம் குறைத்தார்கள். குறைத்ததை வாங்கிக்கொண்டேன்.

பரிமளாவின் மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. ஷூவின் மேல்தோலை மெஷினில் வைத்து வளைவு வளைவாகத் திருப்பித் தைக்க வேண்டும். அதற்கு மணிக்கட்டுதான் எல்லாம். அவளை மெஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. நான் அதே ஹாலில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அவள் உட்கார்ந்த மெஷினில் இப்போது வேறு ஒரு பெண் இருக்கிறாள். ஊசி முறிந்தால் நான்தான் போய் மாட்டிக் கொடுக்கிறேன்.

இதுவரை சொன்னது பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். இனிமேல் சொல்வதை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை.

சில மாதம் கழித்து, பேக்கிங்கில் இருக்கும் ஒருவர் வேலைக்கு வரும்போது பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்தது. எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் தொழிலாளர் இன்சூரன்ஸ் என்று பிடிப்பார்கள். அதிலிருந்து அவருக்கு எல்லாம் கிடைத்தது. கேன்டீனில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ்காரர் விளக்கிக்கொண்டிருந்தார்.

“வேலைக்கு வர்ற வழியில அடிபட்டாலும் வேலையில அடிபட்ட மாதிரிதான்ப்பா. கை கால் சரியா வரலன்னா ஆயுசு பூராவும் மாசாமாசம் வரும். ஊட்ல விழுந்தாத்தான் அது கெடையாது.”

வீட்டில் விழுந்தால்தான் கிடையாது!

டீ கையில் இருந்தது. குடித்து முடித்தேன். பரிமளா இரண்டு மேசை தள்ளி, இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நடந்தது இதுதான் என்று அவளோடு நானும் ஆபீஸில் போய் நின்றிருக்கலாம்.

சொல்லவில்லை. சுகன்யா, அப்போது உனக்கு விசா வரவேண்டிய நேரம். வண்டி உன் பெயரில். கேஸ், கீஸ் என்று ஏதாவது வந்து கெட்டுவிடுமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசா வந்தது. நீ விமானம் ஏறிப் போனாய். அப்புறமும் ஏன் சொல்லவில்லை? உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டேன்... உனக்குத் தெரியாமலே.

வாடகைக்கு ஆள் ஏற்றுவதை அவள் கை உடைந்த அன்றோடு நிறுத்திவிட்டேன். மற்ற மூவரும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். பரிமளாவை மட்டும் காசு வாங்காமல் கூட்டிப்போகிறேன். பஸ்ஸில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்க அவளால் முடியாது. “எங்கண்ணன் மாதிரி யாரு பார்ப்பாங்க?” என்று ஹாலில் எல்லாரிடமும் சொல்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன்.

திங்கட்கிழமை வேலூருக்குப் போய் அந்த லெட்டரை வாங்கினேன். சுலபமாகக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீ இரண்டு தடவை கேட்டுவிட்டாய். நெட் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

லெட்டரையும் இதோடு அனுப்புகிறேன், கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். இதையும் உன் தலையில் கட்டப் பார்க்கிறேனா? லெட்டரை அனுப்பப் போவதில்லை. அங்கே கேட்பதை முழுசாகக் கட்டு. நோண்டிக் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்.

சரி... பரிமளாவிடம்? இப்போது போய் உண்மையைச் சொன்னால் அந்த இன்சூரன்ஸில் இனியும் கொடுப்பார்களா? தெரியாது. டைம் ஆபீஸில் கேட்டால் தெரிந்துவிடும். யாருக்காகக் கேட்கிறாய் என்பார்கள். அதனால் இன்னும் கேட்கவில்லை.

இன்று காலை சொல்லிவிடுவது என்றுதான் வண்டியை எடுத்தேன். வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். ஏறியதும் முதலில் உன்னைத்தான் விசாரித்தாள்.

“சுகன்யா காரு வாங்கிட்டாளாண்ணா?”

“இன்னும் இல்லம்மா. அங்க இன்சூரன்ஸ் ரொம்ப ஜாஸ்தியாம்.”

“அப்படியா! நம்ம ஊரு மாதிரி வருமாண்ணா?”

இடது கையால் பெல்ட்டை இழுத்து என் பக்கம் நீட்டினாள். அவள் வலது கை அந்தக் கொக்கியில் திரும்பாது. தினமும் நான்தான் மாட்டிவிடுகிறேன். இன்றும் மாட்டிவிட்டேன். மாதனூர் வந்தது, போனது. ஆம்பூர் வந்துவிட்டது.