கி.பி. 2050-இல் பெண் பார்க்கப் போனோம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை தங்கராசு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு வாரப் பத்திரிகை. என் தொடர்கதை வருகிற பத்திரிகைதான். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட மங்களகரமான காட்சி உண்டா? பாராட்டை வெறும் பனியனோடு வாங்கிக்கொள்வது அழகில்லை என்று உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

"ஏன்யா, இந்தக் கதையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்க முடியுமா?" என்றான்.

சட்டை போட்டது வீண்.

தங்கராசு என் பள்ளித் தோழன். அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் முந்திரி வியாபாரம். போன வருஷம் அவன் வீட்டில் சில நாள் தங்கியிருந்தபோதுதான் அந்தக் கதையே எனக்குக் கிடைத்தது. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் உடைக்கிற கிரஷர் ஒன்று இருக்கிறது. மேல்காற்று அடித்தால் போதும்... எருமை வெள்ளை, புளியமரம் வெள்ளை, சோற்றுப் பானை மூடி வெள்ளை. ஊரே இருமும்.

திருச்சிக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் கிரஷர் முதலாளி ஆள் அனுப்புவார். என் வயதில் வேகமாக நடப்பதே சிரமம், ஓடுவது எங்கே? யோசித்தேன். முதல் வரிக்கு மேலே 'கி.பி. 2050' என்று போட்டேன். கிரஷர் ராட்சச இயந்திரம் ஆயிற்று. முதலாளி சர்வாதிகாரி ஆனார். பத்திரிகை ஆசிரியர், "எப்படி சார் இப்படியெல்லாம் தோணுது?" என்று கேட்டார். அடக்கமாகச் சிரித்து வைத்தேன்.

எதிர்காலம் பற்றிப் பயங்கரமாக நாவல் எழுதுகிற எல்லோருமே இந்தக் கட்சிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதையும் லைப்ரரியில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துப் படித்திருக்கிறேன். ரொட்டிக்குக் க்யூவில் நின்றவர், க்யூவிலேயே பிறந்து க்யூவிலேயே சாகிற ஒரு தேசத்தை எழுதுகிறார். மேலதிகாரிக்குப் பயந்தவர், மேலதிகாரியே கடவுளாகிவிட்ட உலகத்தை எழுதுகிறார். நாளைக்கு மழை வருமா என்றுகூட எங்களுக்குத் தெரியாது ஐயா. ஜன்னலைத் திறந்து வெளியே பார்க்கிறோம். காலண்டரில் கொத்தாகத் தாள்களைக் கிழித்துவிடுகிறோம். தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

சரி, தங்கராசுக்கு என்ன வந்தது?

மகள் செல்விக்கு ஒரு வரன். பெரம்பலூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம். புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். செல்விக்கும் ஊரில் எல்லோரையும் போல இருமல். டாக்டர் சோதித்துப் பார்த்து, வெறும் தூசிதான் என்று சொல்லியாயிற்று. ஆனால் அதற்கு முன்பே ஒரு வரன் 'டி.பி.யோ என்னமோ' என்று எழுந்து போய்விட்டது. இன்னொன்றும் அப்படிப் போனால் ஊர் வாயை மூட முடியாது.

"மாப்பிள்ளையோட அப்பா கல்லாவுல உக்காந்து உன் கதையத்தான் படிக்கிறாராம். போன வாரம் என்ன எழுதியிருக்க? அந்த ஊருப் பொண்ணுங்க இருமுறத பாத்துட்டு வெளியூர்க்காரன் எவனும் கட்டிக்க மாட்டேங்குறான்னு. அத படிச்சிட்டு நேரா எங்க வூட்டுக்கு வராரு."

"அது ரெண்டாயிரத்து ஐம்பதுல நடக்கிறதுய்யா."

"எங்க ஊர்லதான் இப்பவே நடக்குதே. நீ எதுக்கு அம்புட்டு தூரம் போன?"

விமர்சகர்கள் யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

"புதன்கெழம நீயும் வா. அவரு கேட்டா கட்டுக்கதைன்னு உன் வாயால சொல்லிடு," என்றான்.

போனேன். அந்த ஊரில் நல்ல காரியத்துக்குப் பஞ்சாங்கம் மட்டும் பார்த்தால் போதாது. காற்றும் பார்க்க வேண்டும். கீழ்காற்று அடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் வடகம் காயப்போடுவார்கள், பெண் பார்க்க வரச் சொல்வார்கள். ராகுகாலம், எமகண்டம், மேல்காற்று... மூன்றும் ஆகாது. இது என் நாவலில் இல்லை. எனக்கு அவ்வளவு கற்பனை போதாது.

தங்கராசுவின் மனைவி காமாட்சி வாசலில் வாழையை இலை இலையாகக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே. சீயக்கா போடாததுதான் பாக்கி," என்றார். கீழ்காற்று இதமாக வீசியது.

பெரம்பலூர்க்காரர்கள் வந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர், அவர் மனைவி, கருநீலச் சட்டையில் மாப்பிள்ளை. உட்கார்ந்து ஊர் நிலவரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வைகாசிக் காற்றுக்கு ஒரு நிலை உண்டா? ஜன்னல் கதவு ஒன்று தானாகப் படீரென்று சாத்திக்கொண்டது. காற்று திரும்பிவிட்டது. தங்கராசு என்னைப் பார்த்தான். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"சார், உங்க கதையில வர்ற ஊரு இந்தப் பக்கமோ?" என்று ஜவுளிக்கடைக்காரர் என்னைக் கேட்டார்.

"சேச்சே. முழுக்க முழுக்கக் கற்பனைங்க."

"அதானே. நெசத்துல அப்படி ஒரு ஊர்ல மனுசன் இருப்பானா?" என்றபடியே தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். வெள்ளையாகப் பறந்தது.

செல்வி காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்து முடிக்கிறவரை அடக்கிப் பார்த்தாள். அடக்கிய இருமல் இரண்டு பங்காக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இந்த இருமல்?"

"தாளிப்பு நெடிங்க," என்றான் தங்கராசு. அடுப்பே மூட்டாமல் தாளிப்பு ஏது? காபியே ஃபிளாஸ்க்கிலிருந்துதான் வந்தது.

"தாளிப்பு இல்லீங்கம்மா, கிரஷர் தூசி," என்றாள் செல்வி. "டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நம்பிக்கை இல்லேன்னா நீங்களே ஒருதரம் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, வரேன். அப்படியே அவரையும் காட்டிடலாம்."

"எவர?"

"உங்க மகனைத்தாங்க. அப்பலேர்ந்து கைக்குட்டைக்குள்ளயே இருமிக்கிட்டு இருக்காரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கருநீலச் சட்டை சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்தப் பையன் கைக்குட்டையை எடுத்துவிட்டு, விடுதலை கிடைத்ததுபோல இருமினான். அவன் அப்பா தொடர்ந்தார். கற்பனை என்று சத்தியம் பண்ணிய நானும் சேர்ந்துகொண்டேன். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு," என்றார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "கல்யாணத்த மட்டும் பெரம்பலூர்ல வச்சிக்கலாங்களா?"

அவர்கள் பஸ் ஏறியதும் காமாட்சி திரும்ப வாளியை எடுத்துக்கொண்டு வாழைக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பெண்பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்று இருமியது.

"ஒருத்திய கட்டிக் குடுத்தா வெளியூர் போயிடுவா. ஊரை யாருக்குண்ணே கட்டிக் குடுக்கறது?" என்றார் என்னிடம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். எழுத்தாளர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பஸ் வரும்.