ஏடு எடுத்த குல்ஃபி

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று அம்மா ஊரே பார்க்க அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் உயிரே குல்ஃபியில்தான் இருந்தது. செம்மேட்டுச் சந்தைக்கு அம்மா மரவள்ளிக் கிழங்கு மூட்டையைச் சுமந்து வருவாள். அவர் கையை வீசிக்கொண்டு வருவார். கிழங்கு விற்றதும் பஸ் ஸ்டாண்ட் ஓரம் நின்று ஒன்று, இன்னொன்று என்று குல்ஃபி தின்பார். அம்மா காலிச் சாக்கை மடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும் விட்டாள்.

"பொம்பளைக்கு எதுக்கு ஐசு? பல்லுக் கூசும்" என்றார். குல்ஃபிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். கறியாக்கினால் முதலில் அவர் உட்கார வேண்டும். "ஆம்பளை தின்னது போக மிஞ்சினதுதான் பொம்பளைக்கு. எங்கப்பன் காலத்துலயிருந்து அப்படித்தான்" என்பார். சட்டியில் எலும்பும் சாறும் மிஞ்சும். பொம்பளைப் பிள்ளை நான் அதைத் தின்று வளர்ந்தேன், அம்மா இளைத்தாள்.

கால் விரல் ஒன்றை எடுத்த பிறகு அப்பா சோற்றைக் குறைத்தார், காபியில் சர்க்கரையை விட்டார். குல்ஃபியை மட்டும் விட முடியவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். செம்மேட்டில் ஒரு கடையில் வேலை பார்க்கும் நான்தான் செல்போனில் தேடி, அவர் உடம்புக்கு ஆகிற குல்ஃபி ஒன்றை அம்மாவுக்குச் சொன்னேன். பாலைக் காய்ச்சி ஆறவைத்து மேலே படிகிற ஏட்டை எடுத்துவிட வேண்டும். சுண்டக் காய்ச்சுவதற்குப் பதிலாக, வறுத்த சாமை மாவை ஒரு கரண்டி கரைத்துக் கொதிக்கவிட்டால் கெட்டிப்படும். சர்க்கரை கிடையாது, ஏலக்காய் மட்டும். டம்ளரில் ஊற்றி, குச்சி செருகி, ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தால் முடிந்தது.

அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "எடுத்த ஏட்டை என்ன பண்றது கண்ணு?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அப்பாவுக்கு நான் சொன்னபடியே ஒரு டம்ளர் செய்துவிட்டு, வேறு கொஞ்சம் பாலைச் சுண்டக் காய்ச்சி, அந்த ஏட்டையும் வெல்லத்தையும் முந்திரியையும் போட்டு, இன்னும் இரண்டு டம்ளர் நிரப்பினாள். மறுநாள் அப்பாவை உட்காரவைத்து அவருடையதை முதலில் கொடுத்தாள். அவர் முகம் சுருங்கியது. சாமைக் கஞ்சியை உறையவைத்துத் தின்பது போலத்தான் இருந்திருக்கும். ஆசை விடவில்லை, தின்று முடித்தார். அதுவரை பொறுமையாக இருந்த அம்மா, எனக்கு ஒன்றைக் கொடுத்து, தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள, அது என்ன வேற நெறமா இருக்குது?"

"நீங்க தின்னது போக மிஞ்சினதுங்க" என்றாள் அம்மா, பணிவாக.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குல்ஃபி இனித்தது. அவர் முழித்த முழி அதைவிட இனித்தது.

பிறகு ஒவ்வொரு சந்தை நாளும் இதே கூத்துதான். ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்று அவர் கெஞ்சுவார். "உங்க காலுதாங்க எனக்கு முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே அம்மா மெதுவாகச் சப்பித் தின்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் என்று மெச்சிக்கொண்டார்கள்.

போன மாதம் மலையிலிருந்து இறங்கி, கீழே இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா காலில் கட்டு மாற்ற உள்ளே போயிருந்தபோது டாக்டர் எங்களிடம், "சர்க்கரை நல்லாக் கட்டுப்பட்டிருச்சு. ரொம்ப ஆசைப்பட்டா எப்பவாவது ஒரு வாய் நல்ல குல்ஃபியே குடுங்க, தப்பில்லை" என்றார்.

"சரிங்க" என்று தலையாட்டிய அம்மா, வெளியே வந்ததும் என் காதில், "அவருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு" என்றாள்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அப்பா கேட்டார். "டாக்டரு என்ன சொன்னாரு? ஒரு வாயாச்சும் திங்கலாமா?"

"இன்னும் கட்டுப்படலீங்களாம். வாயில வைக்கவே கூடாதுங்களாம்."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

"ஆமாங்கப்பா" என்றேன்.

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் பார்க்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இல்லீன்னா நான் என்னாவேன் புள்ள" என்றார். அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நம்ம ரெண்டு டம்ளருக்குப் பாலு கொஞ்சம் சேத்தி வாங்கோணும் கண்ணு" என்றாள்.