பேக்கரிக்குப் பிறகு ஒரு சபை

என் வீட்டுக்காரர் முதலில் அடிவாரத்தில் பேக்கரி வைத்தார். அது படுத்துவிட்டது. பிறகு கர்த்தர் அழைக்கிறார் என்று என்னையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறி, திண்ணனூர் நாடு என்கிற பஞ்சாயத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் சபை தொடங்கினார். பேக்கரிக்கு இடம் பார்த்த அதே கண்ணால்தான் இங்கேயும் பார்த்தார்: பஸ் நிற்கிற இடமா, நாலு பேர் கண்ணில் படுமா என்று. ஆள் சேரும் முன்பே ஸ்பீக்கர் வாங்கிவிட்டார். அடுப்பு வாங்கும் முன்பே போர்டு மாட்டிய மனுஷன்தானே!

தொடக்க நாளில் பிரியாணி போட்டோம். ஊரே வந்தது. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு அம்மா வந்தார். மிளகுத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர், கணவர் இல்லை. ஜெபத்தில் மனசு லேசாகிறது என்று வாராவாரம் வந்தார். அவரை நம்பித்தான் சபையே நடந்தது. ஒரே வாடிக்கையாளரை வைத்துக் கடை நடத்தினால் அவர் தும்மினாலும் நமக்குப் பதறும்.

மலையில் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு சாமை கொடுப்பார்கள். எல்லா வீட்டுச் சாமையும் ஒரே பானையில் பொங்கும். கொடுக்காத வீட்டை அந்த ஊரில் சேர்த்துக்கொள்வதில்லை. மிளகு பறிக்கக்கூட ஆள் வராது.

அந்த அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இந்த வருசம் சாமை குடுக்கட்டுங்களா, வேண்டாமுங்களா? நீங்க சொல்றபடி கேக்கறேனுங்க."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் எங்கள் பக்கம். சபை நிலைக்கும், எங்களை அனுப்பிவைத்த அடிவாரச் சபைக்காரர்களும் மெச்சுவார்கள். சொல்லிவிடட்டும் என்று அடுப்படியில் நின்று நான் வேண்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றது இந்த ஊருதானுங்க. அதை வுட்டுப்போட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க. உங்க மனசுக்குப் பட்டதைச் செய்யுங்க."

அந்த அம்மா சாமை கொடுத்தார். எங்களைப் பார்க்கக் கூச்சமோ என்னவோ, அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இவரோ வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலிப் பாயைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். மூட்டை கட்டலாமுங்க என்று சொல்லத்தான் முன்னறைக்குப் போனேன். சொல்லாமல் பாயில் உட்கார்ந்துவிட்டேன். இந்த மனுஷன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்பதில் எனக்கு முதல்முதலாகச் சந்தோஷம் வந்தது.