நங்கூரம் போட்ட கார்

என் எழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக் கடற்கரைச் சரிவில் காரை நிறுத்திவிட்டு, முதலாளி உப்பு விலை பேசப் போயிருக்கிறார். காவலுக்கு நான் உள்ளே இருக்கிறேன். கார் மெல்லக் கடலைப் பார்த்து நகர்கிறது. காருக்குள் எதிரே வரிசையாகக் குமிழ்கள், எல்லாவற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. ஒன்றை இழுக்கிறேன், விளக்கு எரிகிறது. இன்னொன்றை அமுக்குகிறேன், ஹாரன் அலறுகிறது. எனக்குத்தான் கூச்சத்தில் கத்த வாய் வரவில்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் ஓடி வருகிறார். "பயப்படாதீய அண்ணாச்சி, நங்கூரம் போட்டுருதேன்!"

வள்ளத்துக் கயிற்றைக் காரின் பின்பக்க இரும்பில் கட்டி, நங்கூரத்தை மணலில் ஊன்றுகிறார். முன்சக்கரம் அலையில் நனைந்து நிற்கிறது.

முதலாளி மூச்சிரைக்க வருகிறார். "ஏலே, கை பிரேக்கை இழுக்க வேண்டியதுதானே?"

அவர் காட்டும் பிடியில் என் தூக்குவாளி தொங்குகிறது. விளாத்திகுளத்திலிருந்தே அதைக் கொக்கி என்றுதான் நினைத்திருக்கிறேன்.

"நீங்க இழுக்காமலா போனீய?" என்கிறார் மீனவர்.

முதலாளி தூக்குவாளியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, பிடியை இழுக்கிறார். மீனவர் கயிற்றை அவிழ்க்கக் குனிகிறார்.

"இருக்கட்டும்யா," என்கிறார் முதலாளி. "இன்னும் பேச்சு முடியல."

எழுதியது: பார்த்திப வருஷம், தை பன்னிரண்டு.